குழந்தை சீட் எல்லாக் காரிலும் பொருந்திவிடாது, ஐயா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கார் கட்டுரையில், "நல்ல குழந்தை சீட் வாங்கினால் போதும், எந்தக் காரிலும் மாட்டிக்கொள்ளலாம். மாட்டாமல் இருப்பது பெற்றோரின் அலட்சியமே" என்று எழுதியிருந்தது. அந்த வரி என்னை மிகவும் புண்படுத்திவிட்டது.

என் மகன் செலவைப் பார்க்காமல் பேத்திக்குத் தரமான சீட்தான் வாங்கினான். கார் செகண்ட் ஹேண்ட். பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிக்கான கம்பி அதில் கிடையாது. பெல்ட்டில்தான் கட்டியாக வேண்டும். பின்சீட்டின் ஹெட்ரெஸ்ட் சீட்டோடு ஒட்டியே வருவது, கழற்ற முடியாது. அது முன்னால் துருத்திக்கொண்டு குழந்தை சீட்டின் தலைப்பக்கத்தைத் தள்ளுகிறது. முதுகுக்குப் பின்னால் என் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. பெல்ட் பக்கிளின் தண்டு வேறு நீளம். இழுத்து இறுக்கினால் பக்கிள் குழந்தை சீட்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிடும், அதற்கு மேல் இறுகாது. பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது என்பார்கள். மகன் சீட்டில் முட்டி போட்டு அமுக்கி வியர்க்க வியர்க்கக் கட்டியும் அது கதவுப் பக்கம் சாய்கிறது. இவனையா அலட்சியம் என்கிறீர்கள்?

எங்கள் வடசென்னை எண்ணூர் நெடுஞ்சாலையை நீங்கள் அறியாதவரல்ல. முன்னும் பின்னும் கன்டெய்னர் லாரி, நினைத்த இடத்தில் பள்ளம், சடக்கென்று பிரேக். தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் போய்வருவதற்குள் வயிறு கலங்கிவிடுகிறது. இந்தச் சாலையைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதங்கள் எதுவும் அச்சேறவில்லை. நகரத்தின் மறுபக்கம் ஒரு சிக்னல் பழுதானால் படத்தோடு செய்தி வருகிறது. சரி, அது பழைய வருத்தம்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை உரிய பாதுகாப்பில்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். அதுவும் ஓட்டுபவருக்கு. பொருந்தாத பின்சீட்டைச் செய்தவரை யார் கேட்பது? கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிட 2023-இல் வந்த பாரத் என்கேப் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண். அதில் 12 மதிப்பெண், குழந்தை சீட் காரில் சரியாகப் பொருந்துகிறதா என்பதற்கே. எந்தக் காரிலும் பொருந்திவிடும் என்றால் அதற்கு எதற்குத் தனி மதிப்பெண்? உங்கள் நிருபரோ சன்ரூஃபுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் இரண்டு பத்தி எழுதுகிறார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

நான் கேட்பது சின்ன உதவிதான். இனி எந்தக் காரைப் பற்றி எழுதினாலும், பின்சீட்டில் ஒரு குழந்தை சீட்டைக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட்ரெஸ்ட் கழறுகிறதா, பக்கிள் இடிக்கிறதா, ஐசோஃபிக்ஸ் கம்பி கைக்கு எட்டுகிறதா, குழந்தை சீட் முன்னால் சாயாமல் பிடிக்கும் மேல்பட்டையை மாட்டக் கொக்கி இருக்கிறதா என்று நாலு வரி போடுங்கள். "அலட்சியம்" என்ற சொல்லுக்கு ஒரு வருத்தமும் தெரிவித்தால் என் மகனிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
தண்டையார்பேட்டை