1953 என்று போட்டிருந்தால் 1953-ல் செய்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க வேட்டை வில் பற்றிய கட்டுரையில், படத்துக்குக் கீழே "1953-ல் தயாரான பியர் கிரிஸ்லி வில்" என்று போட்டிருந்தீர்கள். பியர் என்பது கம்பெனி, கிரிஸ்லி அது செய்த ஒரு வில்லின் பெயர். வில்லிலேயே 1953 என்று அச்சாகியிருக்கிறது, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அது கனடாவில் காப்புரிமை வாங்கிய வருஷம் ஐயா. அறுபதுகளில் செய்த வில்லிலும் அதே எழுத்து இருக்கும். மிட்டாய்க்கடைப் பலகையில் ‘1953 முதல்’ என்று எழுதியிருந்தால் உள்ளே இருக்கும் அல்வாவும் எழுபது வருஷத்துப் பழசா?

அதே படத்தில் கைப்பிடியில் வட்டமாகக் கம்பெனி முத்திரைக் காசு ஒன்று பதிந்திருக்கிறது. பியர் கம்பெனி காசு பதிக்கத் தொடங்கியதே ஐம்பதுகளின் கடைசியில்தான். தங்களுக்குத் தெரியாததா என்ன!

இவ்வளவு துள்ளுவதற்குக் காரணம், இதே 1953-ஐ நம்பிப் பணத்தைக் கொட்டியவன் நான். இங்கே மிச்சிகனில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில், ஒருவரிடம் 45 பவுண்டு இழுவைக் கிரிஸ்லி ஒன்றை ‘ஐம்பத்து மூன்றாம் வருஷத்துச் சரக்கு’ என்ற விலைக்கு வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைக் கையில் வாங்கி, காசின் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டவில்லை. "காசு மரத்தோடு மட்டமாக இருக்கிறது, எழுபத்து மூன்றுக்கு முந்தியது. பிறகு வந்ததெல்லாம் புடைத்திருக்கும். ஆனால் ஐம்பத்து மூன்று இல்லவே இல்லை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, வருஷம் போகட்டும். ரீகர்வ் வில்லை அந்தக் கம்பெனியின் நிறுவனர் ஃபிரெட் பியர் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுத எப்படி மனம் வந்தது? கொம்பும் நரம்பும் ஒட்டி, நுனி முன்பக்கம் வளைந்த வில்லைத் துருக்கியரும் மங்கோலியரும் குதிரைமேல் வைத்து எய்த கதை பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். பியர் செய்தது வேறு. மெல்லிய மேப்பிள் மரத் தகடுகளின் இரு பக்கமும் கண்ணாடியிழை ஒட்டி, 1947-க்குப் பிறகு மிச்சிகனின் கிரேலிங் ஊர்த் தொழிற்சாலையிலிருந்து வண்டி வண்டியாக வெளியே அனுப்பினார். புதருக்குள் இடிக்காத குட்டை வில், பனியிலும் மழையிலும் ஒட்டு விடாத வில் ஒரு சாதாரணத் தொழிலாளியின் கைக்கு வந்தது அப்படித்தான். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. காம்பவுண்ட் வில் வந்ததும் ரீகர்வ் ‘மறைந்தே போனது’ என்று முடித்துவிட்டீர்கள். கப்பி வைத்த அந்த வில்லுக்கு ஆலன் என்ற அமெரிக்கர் 1969-ல் காப்புரிமை பெற்றது உண்மை. பெரும்பாலோர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் உண்மை. ஆனால் அக்டோபர் 1-ம் தேதி மான் வேட்டைக்கு வழி திறந்ததும் எங்கள் பெரியவர் பழைய ரீகர்வைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார். மறைந்துபோனவர் அவர்தான் போலும்.

எல்லாவற்றையும்விட மோசம், அந்தப் படத்தில் நாண் தலைகீழாக ஏற்றப்பட்டிருப்பது. நாண் இல்லாதபோது வில் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ, அதே பக்கம் இன்னும் வளைத்திருக்கிறார்கள். இழுத்தால் சனகன் சபையில் கேட்ட சத்தம்தான். போதாததற்கு, வேகத்துக்காக இக்காலத்து நீளாத நாணை மாட்டலாம் என்று யோசனை வேறு! அந்தக் காலத்து நுனிகள் அதைத் தாங்கா. கொஞ்சம் நீண்டு கொடுக்கும் டாக்ரான் என்ற பாலியஸ்டர் நாண்தான் போட வேண்டும். நம்பி மாட்டுகிற வாசகருக்கு நுனி பிளந்தால் தாங்களா வந்து ஒட்டித் தருவீர்கள்?

போன வருஷம் துப்பாக்கிக் கட்டுரையில் குழலையும் கட்டையையும் மாற்றிப் போட்டபோதும் எழுதினேன். அச்சேறவில்லை. பரவாயில்லை, இடப் பற்றாக்குறை இருக்கும்.

இந்தக் கடிதத்தை முழுதாகப் போட வேண்டாம். ‘1953 என்பது காப்புரிமை வருஷம், படத்தில் நாண் தலைகீழ், பழைய வில்லுக்கு டாக்ரான் நாண்’ என்று திருத்தமாக இரண்டு வரி போதும். குறுக்கெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
முப்பது வருஷச் சந்தாதாரர்,
லான்சிங், மிச்சிகன்