கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், செயின்ட் ஜான்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தீபாவளிச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "இந்த ஊர்க்காரங்க எதுக்கெடுத்தாலும் சிரிக்கிறாங்களே, நம்மளக் கிண்டல் பண்றாங்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள் காரை நிறுத்தி "ஏறிக்கொள்" என்று கூப்பிடுவதற்கு என்ன அர்த்தம் என்று இன்னொருவர் கேட்டார். கடையில் பில் போடும் அம்மா "மை லவ்" என்று கூப்பிட்டதை ஒரு தங்கை முகம் சுளித்துச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் பையில் போட்டு மீன் வைத்துவிட்டுப் போனாராம், எதற்கு என்று தெரியாமல் நாள் முழுக்க அதைத் தொடவே இல்லையாம். அந்த மீனை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நானும் உங்களைப் போல மெமோரியல் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவள்தான், படித்து முடித்து இங்கேயே வேலை, வீடு என்று தங்கிவிட்டேன்.

முதலில் அந்த மீன். வாசலில் மீன் வைத்தவர் உங்களிடம் எதுவும் எதிர்பார்க்கவில்லை. வெயில் காலத்திலும் அப்புறம் இலையுதிர் காலத்திலும் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும், வீட்டுத் தேவைக்குக் காட் மீன் பிடித்துக்கொள்ள அரசாங்கம் விடுகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 மீன்தான். அந்த ஐந்தில் ஒன்றை, வந்து சில வாரமே ஆன உங்கள் வீட்டு வாசலில் வைத்திருக்கிறார் என்றால் அது சாதாரண விஷயமில்லை. இந்தத் தீவு நானூறு ஐநூறு வருடங்களாக அந்த மீனை நம்பியே பிழைத்த ஊர். கண்மண் தெரியாமல் பிடித்ததில் கடலில் மீன் வற்றிப்போக, 1992 ஜூலை 2 அன்று காட் மீன்பிடிப்புக்கு அரசு தடை போட்டது. ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போனது. கனடா வரலாற்றிலேயே ஒரே அடியாக அத்தனை பேர் வேலையிழந்தது அதுதான் என்பார்கள். கரையோர ஊர்கள் காலியாயின. ஆண்களும் பெண்களும் பெட்டி கட்டிக்கொண்டு டொராண்டோவுக்கும், ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்கும் போனார்கள். இன்றைக்கும் இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் "பையன் ஆல்பர்ட்டாவில் இருக்கிறான்" என்று ஒரு போட்டோவைக் காட்டுவார்கள். பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, இங்கே தனியாகத் திரியும் உங்களைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கும் அப்படி ஒரு மீன் வந்தது. புளி கரைத்து, நல்லெண்ணெய் விட்டுக் குழம்பு வைத்து, ஒரு டப்பாவில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் அடுப்படியில் நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "தனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த மீன் தானாகவே படகில் ஏறியிருக்கும்." டப்பா கழுவித் திரும்பி வந்தபோது அதில் பார்ட்ரிட்ஜ்பெரி ஜாம் இருந்தது. இந்த ஊரில் கொடுக்கிற கையும் கேலி பேசுகிற வாயும் ஒரே ஆளுக்குச் சொந்தம், இரண்டும் சேர்ந்தேதான் வரும். கேலியை மட்டும் பிடித்துக்கொண்டு கோபித்துக்கொண்டால் மற்றதும் போய்விடும்.

"மை லவ்", "மை டக்கி" எல்லாம் அவர்கள் எல்லோரையும் கூப்பிடுவதுதான், பஸ் டிரைவரையும் எண்பது வயதுத் தாத்தாவையும் சேர்த்து. அதில் ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள். காரில் லிஃப்ட் கொடுக்கும் விஷயத்தில் மட்டும் உங்கள் புத்தியைப் பயன்படுத்துங்கள். இரவில், தனியாக, மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் "வேண்டாம், நன்றி" என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கனடாவின் பெரிய நகரங்களில் பனிமூட்டத்துக்கும் காற்றுக்கும் பேர்போன ஊரில் இருக்கிறீர்கள். பட்டப்பகலில் கொட்டும் மழையில் நனைந்துகொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கடந்து போக இவர்களால் முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

2020 ஜனவரி 17 பற்றி உங்களுக்கு யாராவது சொன்னார்களா? அன்று ஒரே நாளில் விமான நிலையத்தில் 76 செ.மீ. பனி பதிவானது. காற்று அடித்துக் குவித்ததில் பல வீடுகளின் வாசற்கதவே மறைந்துபோனது, திறந்தால் கதவின் அச்சு பதிந்த வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. நகரத்தில் அவசர நிலை அறிவித்தார்கள், அது 8 நாள் நீடித்தது. கடைகளைத் திறக்கக் கூடாது, கார் ஓட்டக் கூடாது, பனி அள்ள ராணுவம் வந்தது. வாரக் கடைசியில் சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்த மாணவர்கள் வீட்டில் அரிசியும் கொஞ்சம் ஊறுகாயும்தான் மிச்சம். அப்போது எங்கள் தெருவில் ஒருவர் தன் வீட்டு வாசலை முடித்துவிட்டு, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று அள்ளிக்கொண்டே வந்து, மாணவர்கள் இருந்த வீட்டுக்கு வழி போட்டார். ரொட்டியும் டின் உணவும் கொடுத்தார். அதில் ஒரு பெண் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் முகம் சட்டென்று சுருங்கியதை நான் பார்த்தேன். அடுத்த நொடியே சமாளித்துக்கொண்டு, "நான் பனித்துகள் கணக்கில் காசு வாங்குகிறவன், எத்தனை துகள் விழுந்தது என்று எண்ணிவிட்டு வா" என்றார். அவளும் விடவில்லை, "எண்ணிவிட்டேன், பாதிதான் அள்ளியிருக்கிறீர்கள்" என்றாள். ஷவலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார் பாருங்கள், அவ்வளவு பெரிய சிரிப்பு. அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுப் பெண் மாதிரிதான்.

சரி, எல்லோரும் நல்லவர்களா என்றால், இல்லை. நம் பெயரைக் கேட்டதும் வாடகை வீடு "போய்விட்டது" என்று சொல்லும் ஆட்கள் இங்கேயும் உண்டு. பஸ்ஸில் "உன் ஊருக்குப் போ" என்று கத்தியவனை நானே பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் கேலி என்று சிரித்துக்கொண்டு பொறுத்துப்போகச் சொல்லவில்லை, தைரியமாகப் புகார் கொடுங்கள், துணைக்கு நான் வருகிறேன். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கேலி செய்கிறவர் சொல்லிவிட்டு உங்கள் பதிலுக்காக நிற்பார், நீங்கள் திருப்பிக் கொடுத்தால் அவருக்குச் சந்தோஷம். திட்டுகிறவன் நிற்பதில்லை. இன்னொன்று, "நியூஃபி" என்று சொல்லி மற்ற மாகாணத்துக்காரர்கள் இவர்களை முட்டாள்களாக்கி எத்தனையோ ஜோக்குகள் சொல்லிவிட்டார்கள். இவர்களுக்குள் சிலர் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், பலருக்கு அது இன்னும் உறுத்தும். நீங்கள் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாதிப் பேர் டொராண்டோவுக்குப் போய்விடுவீர்கள். இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். டிசம்பர் 26-இலிருந்து ஜனவரி 6 வரை ராத்திரியில் யாராவது கதவைத் தட்டி, மூச்சை உள்ளே இழுத்தபடி விசித்திரமான குரலில் "மம்மர்கள் உள்ளே வரலாமா" என்று கேட்டால் பயந்துவிடாதீர்கள். மம்மர்கள் என்றால் முகத்தை மூடி, வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாக வருகிறவர்கள். நான் மாணவியாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் தலையில் தலையணை உறை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. இன்னொருவர் முகத்தில் ஜன்னலின் லேஸ் திரை, மழைக்கோட்டுக்கு மேலே ஒரு பெரிய பாடி, வயிற்றில் தலையணை, கையில் அடுப்புக் கையுறை. மூன்றாமவர் ரப்பர் பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டிருந்தார். என் ரூம்மேட் போலீசுக்குப் போன் போட எடுத்தே விட்டாள். அப்போது பார்த்து அவர்கள் பின்னாலேயே பக்கத்து வீட்டு நாய் ஓடிவந்து, லேஸ் திரைக்காரரின் காலைச் சுற்றி வாலாட்டி அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. யார் என்று கண்டுபிடித்துவிட்டால் முகத்தைக் காட்ட வேண்டும், அதுதான் விதி. தலையணை உறைக்குள் இருந்தவர் எதிர்வீட்டுப் பாட்டி, தாத்தாவின் சட்டையும் பேண்டும் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். முறுக்கு கொடுத்தோம். கடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குச் சொந்தப் பல் இருந்த காலத்தில் நீங்கள் ஏன் இந்த ஊருக்கு வரவில்லை?" என்று கேட்டார். ஆடினார்கள், எங்களையும் ஆட வைத்தார்கள். 1861-இல் இந்த வழக்கத்துக்குச் சட்டம் போட்டுத் தடை விதித்தார்களாம், முகம் மூடியவர்கள் கையால் ஒரு கொலை நடந்ததால். அதையும் தாண்டி உயிரோடு இருக்கிறது. யாரென்றே தெரியாதவர்களை வீட்டுக்குள் விட்டு உபசரிக்கும் ஒரு விளையாட்டை இத்தனை காலம் கட்டிக்காத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

உலகத்துக்குத் தெரிந்த கதை, இதே தீவில் விமான நிலையம் உள்ள கேண்டர் ஊர்க்கதை. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளியை மூடியதும் 38 பயணிகள் விமானங்கள் அங்கே இறங்கின, ஆறாயிரத்துச் சொச்சம் பேர். ஊரின் மக்கள்தொகையே சுமார் பத்தாயிரம்தான். வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளி பஸ் டிரைவர்கள் அதை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு பஸ்ஸை எடுத்தார்கள், சமைத்த சாப்பாடு கெடாமல் இருக்க ஹாக்கி மைதானத்தின் பனித்தளத்தையே ஃபிரிட்ஜாக்கினார்கள்.

ஆனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை அதற்கும் முந்தையது. 1986 ஆகஸ்ட் 11. இந்தத் தீவின் தென்முனையில், பனிமூட்டத்துக்கு நடுவே, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் நெருக்கியடித்துக்கொண்டு மிதந்தார்கள். போருக்குத் தப்பி, ஜெர்மனியிலிருந்து ஒரு சரக்குக் கப்பலில் ஏறி, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். கஸ் டால்டன் என்ற மீனவர் தன் படகில் போகும்போது அவர்களைப் பார்த்தார். மற்றப் படகுகளையும் கூப்பிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டார்கள், கையில் இருந்த சாப்பாட்டைப் பகிர்ந்தார்கள். அப்புறம் செயின்ட் ஜான்ஸுக்கு, நீங்கள் இப்போது படிக்கும் அதே பல்கலைக்கழகத்தின் விடுதிக்குக் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை அவர்கள் முதலில் மாற்றிச் சொல்லியிருந்தார்கள், அது வெளியே வந்ததும் கனடா முழுக்கக் கடுமையாகத் திட்டினார்கள். படகில் தூக்கிவிட்டவர்கள் அந்தக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. 2016-இல், 30 வருடம் கழித்து, அவர்களில் சிலர் குடும்பத்தோடு திரும்பி வந்து டால்டனைச் சந்தித்தார்கள். தமிழன் என்றால் யார் என்றே தெரியாத மீனவர்கள் நம் ஆட்களுக்குச் செய்தது இது. இங்கே படிக்க வரும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் விமான டிக்கெட்டோடு சேர்த்து இதையும் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை.

எனவே சில வேண்டுகோள்கள். ஆறேழு பேர் ஒரே வீட்டில், ஒரே சமையல், ஒரே பேச்சு என்று இரண்டு வருடத்தை ஓட்டிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஜிக்ஸ் டின்னருக்கு (உப்பு மாட்டிறைச்சியும் காய்களும் சேர்த்து வேகவைத்த சாப்பாடு) யாராவது கூப்பிட்டால் போங்கள், உப்பு மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் கோஸ், உருளைக்கிழங்கு, டர்னிப்பைத் தனியாக வேகவைத்துத் தருவார்கள், எங்கள் வீட்டு சைவப் பிள்ளைக்கு அப்படித்தான் செய்தார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உடனே பணம் நீட்டாதீர்கள். கேலிக்குக் கேலி பேசுங்கள், இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர்கள் பேசும் இங்கிலீஷ் டொராண்டோக்காரர்களுக்கே பாதி புரியாது.

அப்புறம், இந்தக் குளிர்காலத்தில் உங்கள் தெருவில் தனியாக இருக்கும் வயதானவர்கள் யார் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பனி விழுந்த காலையில், வகுப்புக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரம் ஒதுக்கி, அவர்கள் வாசற்படியை மட்டுமாவது சுத்தம் செய்து உப்புப் போட்டுவிடுங்கள். முதல் பனி எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஷவல் இல்லாதவர்கள் என்னிடம் வாருங்கள், வீட்டில் இரண்டு சும்மா இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் அக்கா