அணையைத் திறந்ததாகச் செய்தியில் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில், வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வின் ரீடிங் பகுதியைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பாசேஜை முழுதாகப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், கேள்வியில் இருக்கும் முக்கியமான சொல்லைப் பிடித்துக்கொண்டு பாசேஜில் அதைத் தேடினால் போதும், விடை அங்கேயே இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் வந்த எரிச்சலில்தான் இந்தக் கடிதம். இதே அறிவுரையைக் காசு கொடுத்துக் கேட்டு இரண்டு முறை தேர்வைக் கோட்டை விட்டவள் நான்.

நான் ஒரு நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. இங்கிலாந்துக்குப் போக வேண்டுமென்றால் என்எம்சி என்கிற அந்த ஊர் நர்சிங் கவுன்சிலில் பதிய வேண்டும், அதற்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7, ரைட்டிங்கில் 6.5 வாங்க வேண்டும். ரைட்டிங்தான் எல்லோரையும் கவிழ்க்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். என்னைக் கவிழ்த்தது ரீடிங். முதல் தடவை 6, இரண்டாவது தடவை 6.5. பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்டலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது, ஆனால் இரண்டிலுமே ரீடிங் 6.5-க்குக் கீழே போகக் கூடாது, அதனால் என் முதல் தேர்வு எதற்கும் உதவாத காகிதமாகிப் போனது. ஒரு தேர்வுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கிறது, நான் வேலை பார்க்கும் இடத்தில் அது ஒரு மாதச் சம்பளத்தில் எவ்வளவு என்று இங்கே எழுதினால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

தேர்வு எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மணி நேரம், மூன்று பாசேஜ், 40 கேள்வி. மூன்றும் சேர்ந்து 2150-லிருந்து 2750 வார்த்தை வரை இருக்கும். போகப் போகக் கடினமாகும். தேனீ வளர்ப்பு, கண்ணாடி செய்த வரலாறு, பழைய மொழியின் எழுத்தை எப்படிக் கண்டுபிடித்துப் படித்தார்கள் என்று எதைப் பற்றியும் வரும், மருத்துவம் வந்தால் நம் அதிர்ஷ்டம். 40-க்குச் சுமார் 30 சரியாக இருந்தால் 7, சுமார் 23 என்றால் 6. இது அகாடமிக் கணக்கு. ஜெனரல் ட்ரெயினிங் என்று இன்னொரு வகை உண்டு, அதில் பாசேஜ் கொஞ்சம் எளிது, ஆகவே 7 வாங்க 34 வரை சரியாக வேண்டும். என்னோடு படித்த ஒரு அக்கா மூன்று மாதம் ஜெனரல் தாளை எழுதிப் பார்த்து அகாடமிக் கணக்கில் மார்க் போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். வகுப்பு நடத்தியவர்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

சரி, அந்த 'முக்கியச் சொல்' விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி தயாரிக்கிறவர்களுக்கும் நாம் சொல்லைத் தேடிக்கொண்டுதான் வருவோம் என்று தெரியாதா? கேள்வியில் உள்ள சொல் விடை இருக்கும் வரியில் பெரும்பாலும் இருக்காது, அதே பொருளில் வேறு சொல்தான் இருக்கும். அந்தச் சொல்லோ இரண்டு பத்தி தள்ளி இன்னொரு வரியில் தூண்டில் புழு மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் போய்க் கவ்வினேன், இரண்டு தடவையும்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. வார்டில் நான் கேஸ் ஷீட்டை இப்படியா படிக்கிறேன்? 'மேல் பிரஷர் 100-க்குக் கீழே இருந்தால் இந்த மாத்திரை கொடுக்க வேண்டாம்' என்று டாக்டர் எழுதியிருக்கும்போது பிரஷர், மாத்திரை என்று இரண்டு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போய் மாத்திரையைக் கொடுத்தால் நோயாளி என்ன ஆவார்? அங்கே 'கீழே இருந்தால்' என்பதுதான் விஷயமே. பாசேஜிலும் அப்படித்தான், அன்லெஸ், ஹார்ட்லி, ராதர் தேன், ஒன்லி மாதிரிச் சின்னச் சின்னச் சொற்களில்தான் விடை தொங்கிக்கொண்டிருக்கும். ஹார்ட்லி என்றால் கடினமாக என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏறக்குறைய இல்லவே இல்லை என்று அர்த்தமாம். ஐயாயிரம் சொல் பட்டியலை மனப்பாடம் செய்தவளுக்கு இது தெரியவில்லை.

இப்போது உங்கள் பத்திரிகை எங்கே வருகிறது என்று கேட்பீர்கள்.

ரீடிங்கில் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். பாசேஜ் அதையே சொன்னால் ட்ரூ, அதற்கு நேர்மாறாகச் சொன்னால் ஃபால்ஸ், இரண்டும் இல்லாமல் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் நாட் கிவன். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? எங்கள் வகுப்பில் முப்பது பேரும் தடுமாறியது இதில்தான். கடைசி இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அது எங்கே என்று யாருக்கும் பிடிபடவில்லை. 'சந்தேகமாக இருந்தால் நாட் கிவன் போடு' என்று சார் சொன்னார். எனக்கு எல்லாமே சந்தேகமாக இருந்தது.

இரண்டாவது முறை ரிசல்ட் வந்த வாரம் நல்ல மழை. அப்பா வழக்கம்போல டீக்கடையில் உங்கள் பேப்பரைப் படித்துவிட்டு வந்து, "பேச்சிப்பாறை அணையத் தொறந்தாச்சு மக்ளே" என்றார். எங்கள் வீட்டுக்கும் அதே பேப்பர்தான் வருகிறது, எடுத்துப் பார்த்தேன். அணையின் நீர்மட்டம் 42 அடியைத் தாண்டிவிட்டது, ஆற்றங்கரையில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும் என்றுதான் போட்டிருந்தது. அணையின் மொத்தக் கொள்ளளவு 48 அடி. "அப்பா, திறந்ததாக எங்கே இருக்கிறது?" என்றேன். "தொறக்காம எதுக்கு எச்சரிக்கை விடுகான்?" என்றார். அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது, அப்பாவும் நானும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். அப்பா சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம், அன்று மாலைக்குள் திறந்தேகூட இருக்கலாம், ஆனால் அந்தச் செய்தியில் அது இல்லை. ஆகவே நாட் கிவன். நீர்மட்டம் இன்னும் 40 அடியைத் தொடவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் செய்தி அதை மறுக்கிறது, அது ஃபால்ஸ். இவ்வளவுதான் வித்தியாசம். நாம் படிக்கும்போது நமக்குத் தெரிந்ததையும் ஊகித்ததையும் சேர்த்துப் படித்துவிடுகிறோம், சேர்த்தது எது, எழுதியிருந்தது எது என்று பிறகு பிரிக்கத் தெரிவதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் நர்சிங்கில் முதல் வருடத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சார்ட்டில் எழுதாதது செய்யாதது. ஊசி போட்டதை நானே பார்த்தேன் என்று இன்னொருத்தி வந்து சொன்னாலும் சார்ட்டில் இல்லையென்றால் இல்லை. எட்டு வருடம் இதைச் செய்துகொண்டே, பரீட்சைத் தாளைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு மாதம் உங்கள் பேப்பர்தான் எனக்குப் பயிற்சிப் புத்தகம். தமிழ்ப் பேப்பரா என்று சிரிக்காதீர்கள். என் குறை ஆங்கிலத்தில் பாதிதான், மீதி படிப்பதிலேயே இருந்தது, தமிழிலும் நான் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு செய்தியைப் படித்துவிட்டு அதிலிருந்து ஐந்து வாக்கியம் சொல்வார், ஒன்றிரண்டு அவர் சொந்தச் சரக்கு, நான் எது ட்ரூ, எது ஃபால்ஸ், எது நாட் கிவன் என்று வரியைத் தொட்டுக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பத்தாவது தாண்டாதவர், சொந்தச் சரக்கை எவ்வளவு நைசாக நுழைப்பார் தெரியுமா! இன்னொன்று, தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு செய்தியைப் படித்து நானே தலைப்புச் சொல்வது. ரீடிங்கில் ஒவ்வொரு பத்திக்கும் பொருத்தமான தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி வரும், பத்தியில் ஒரு வரியில் மட்டும் வரும் விஷயத்தைத் தலைப்பாகப் போட்டு ஏமாற்றுவார்கள். உங்கள் தலைப்புகளும் சில நாள் அதையேதான் செய்கின்றன, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு இதையே ஆங்கிலத்தில் செய்தேன். கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய தேர்வுத் தாள்களை எடுத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு முழுத் தாள் என்று ஓடாமல், வாரத்துக்கு ஒரு பாசேஜ். முதலில் கடிகாரத்தைப் பார்க்காமல் முழுதாகப் படிப்பேன், பதில் எழுதுவேன், தப்பான ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதுவேன். நோட்டில் ஒரு பக்கம் பாசேஜில் இருந்த சொற்றொடர், எதிர்ப் பக்கம் கேள்வியில் அதையே எப்படி மாற்றிச் சொல்லியிருந்தார்கள் என்று. அந்த நோட்டு நூறு பக்கம் போனது. வேகம் கடைசி மாதம்தான், ஒரு பாசேஜுக்கு 20 நிமிடம் என்று. வேகத்தை முதலில் பழகினால் தப்பாகப் படிப்பதைத்தான் வேகமாகப் பழகுவோம்.

நேரத்தைப் பற்றி ஒன்றிரண்டு, என் அனுபவத்திலிருந்து. முதல் தேர்வில் முதல் பாசேஜிலேயே அரை மணி நேரம் போய்விட்டது, கடைசியில் ஆறு கேள்வியைக் காலியாக விட்டேன். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. எதையாவது போட்டிருக்கலாம்! இரண்டாவது தேர்வில் 'இரண்டு சொற்களுக்கு மிகாமல்' என்று கேட்ட இடத்தில் முன்னால் 'தி' சேர்த்து மூன்று சொல்லாக எழுதிவிட்டேன், விடை சரி, மார்க் இல்லை. எழுத்துப் பிழைக்கும் இப்படித்தான், ஒரு எஸ் விட்டாலும் போச்சு. நான் எழுதியது கணினியில், ஆனால் பயிற்சி முழுக்கக் காகிதத்தில், பேனாவால் கோடு போட்டே பழகிய கைக்குத் திரையில் மவுஸைப் பிடிப்பதற்கே பத்து நிமிடம் ஆனது.

மூன்றாவது முறை ரீடிங்கில் 7.5 வந்தது. இப்போது அடுத்த கட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவத் துறைக்காரர்களுக்கென்றே இருக்கும் ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வை எழுதலாமே, அதில் எல்லாம் மருத்துவப் பாசேஜ்தானே என்று சிலர் கேட்கிறார்கள். எழுதலாம், என் தோழிகள் எழுதித் தேறியிருக்கிறார்கள். ஆனால் கட்டணம் அதிகம், ரீடிங்கின் முதல் பகுதியில் 15 நிமிடத்தில் 20 கேள்வி, நான்கு சின்னக் குறிப்புகளுக்குள் தாவித் தாவித் தேட வேண்டும். சொல்லைத் தேடும் வித்தை அங்கே கொஞ்சம் பலிக்கும், அடுத்த பகுதிகளுக்குப் போனதும் மறுபடியும் வரி வரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வாட்சாப்பில் 'அடுத்த வாரம் வரப்போகும் பாசேஜ்' என்று ஐநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள், தேர்வே எழுதாமல் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்றும் சிலர் போன் செய்கிறார்கள். மதிப்பெண் உண்மையா என்று அந்த ஊர்க்காரர்கள் ஆன்லைனிலேயே சரிபார்த்துவிடுவார்கள், பணம் போவதோடு பேரும் போகும். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். தமிழக அரசின் தாட்கோ நிறுவனம் மூலம் ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு என்பதையும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பக்கத்தில் 'பத்து டிப்ஸ்' போடுவதற்குப் பதிலாக வாரம் ஒரு ஆங்கிலப் பத்தி, கீழே ஐந்து கேள்வி, ஒவ்வொரு விடைக்கும் அது ஏன் சரி, மற்றது ஏன் தப்பு என்று தமிழில் விளக்கம், இப்படிப் போட முடியுமா? எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருபது பேர் வெட்டி வைத்துக்கொள்வோம். விடையை மட்டும் 'அடுத்த வாரம் பார்க்க' என்று தள்ளிவிடாதீர்கள், அதே நாளில் பக்கத்தின் அடியில் தலைகீழாகப் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் எங்களில் பாதிப் பேருக்கு நைட் டியூட்டி.

இப்படிக்கு,
ஒரு நர்ஸ்,
நாகர்கோவில்