கீழ்ரோட்டு விளக்குக் கம்பம் பற்றி எங்கள் ஊர் மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயல் அலுவலர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்தில் எந்த ஊர் என்று எழுதவில்லை. படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். கீழ்ரோட்டில் மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி மாட்டினீர்கள் அல்லவா, அந்தக் கம்பத்துக்கு நேர் மேலே இருக்கும் வீடு எங்களுடையது. சமவெளியில் தெருவிளக்கு தலைக்கு மேல் எரியும். மலைச்சரிவில் கீழ்ரோட்டுக் கம்பத்தின் தலை மேல்வீட்டு ஜன்னலுக்கு நேராக வந்து நிற்கும். எங்கள் வீட்டில் அது அம்மா படுக்கும் அறை. மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னல் முழுக்க ஒரே பால் வெள்ளை.

விளக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கரடி வாசல் வரைக்கும் வந்து போகிற ஊர் இது. தேயிலைக்குள் படுத்திருக்கும் காட்டெருமை இருட்டில் பாறை மாதிரிதான் தெரியும். கடைசி பஸ்ஸில் இறங்கி நடக்கிறவர்களுக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். எந்த நிறத்து வெளிச்சம், எந்தப் பக்கம் பார்த்த வெளிச்சம் என்பதுதான் என் வழக்கு. வெள்ளைக்குப் பதில் மஞ்சள் போதும் என்கிறேன்.

நான் பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய கொட்டகையில், செவ்வந்தி போடுகிறவன். இரவு வெளிச்சம் ஓர் உயிரை எப்படி ஏமாற்றும் என்பது எனக்குத் தொழில். செவ்வந்தி இரவின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. நம் மலையில் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. அதனால் அப்படியே விட்டால் நாற்று தண்டு நீளும் முன்பே மொட்டு வைத்துவிடும்; குட்டைத் தண்டுப் பூவை மார்க்கெட்டில் யார் வாங்குவார்? ஆகவே முதல் சில வாரம் ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை பல்பு போடுவோம். நடு இரவு இரண்டு துண்டாகிவிடும். செடி இன்னும் கோடைகாலம் என்று நினைத்து வளர்ந்துகொண்டே இருக்கும். தண்டு போதும் என்கிறபோது பல்பை நிறுத்துவோம், அப்புறம்தான் மொட்டு.

செடியில் இதைக் கவனிப்பது ஃபைட்டோக்ரோம் என்ற புரதம். அது சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து ஏமாறும். நம் கண்ணில் இருப்பது மெலனாப்சின். அது நீலத்தைப் பார்த்து ஏமாறும். இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் மஞ்சள் விளக்கு கேட்பதால் பூக்காரன் தன் பயிருக்காகக் கேட்கிறான் என்று யாராவது நினைக்கலாம். உண்மையில் சிவப்பு கலந்த அந்த மஞ்சள்தான் என் செடிக்கு அதிகத் தொல்லை. எனக்குக் கறுப்பு ஷீட் இருக்கிறது, இழுத்து மூடிக்கொள்வேன். அம்மாவுக்கு?

மெலனாப்சினை 1998-இல் இக்னேசியோ புரொவென்சியோவும் சக ஆய்வாளர்களும் முதலில் கண்டது தவளையின் தோலில், நிறம் மாற்றும் செல்களில். மனிதக் கண்ணுக்குள்ளும் அது இருப்பது பிறகு தெரிந்தது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் செல்களில் வெகு சிலவற்றில் மட்டும் இருக்கிறது. அந்தச் செல்கள் தாமாகவே ஒளியை உணரும் என்று 2002-இல் டேவிட் பெர்சன் குழு காட்டியது. உருவம் காட்டுவது அவற்றின் முக்கிய வேலை இல்லை. பகலா இரவா என்று கணக்குச் சொல்வதுதான். 480 நானோமீட்டர் அலைநீளம் வாக்கிலுள்ள நீலம் பட்டால் அதிகம் துடிக்கும். செய்தி போய்ச் சேரும் இடம், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு முடிச்சு. நம் உடம்பின் கடிகாரம் அதுதான். அது 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுகிற கடிகாரம், சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். தினமும் காலை வெளிச்சம்தான் அதைச் சரிசெய்கிறது. ராத்திரியில் நீலம் பட்டால் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பது குறையும், கடிகாரம் பின்னுக்குப் போகும்.

இந்த ஆராய்ச்சி எல்லாம் சீமைச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் குகை வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தவர். சூரியனே தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்துப் பார்த்ததும் அங்கேதான்.

அம்மாவுக்கு 71 வயது. வயதானவர்களின் கண் லென்ஸ் மஞ்சள் பாரித்து நீலத்தைத் தானே வடிகட்டிவிடும். அவருக்குப் போன வருடம் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று, அந்த மஞ்சள் லென்ஸ் போய்விட்டது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்து, "இத்தன நாளா பழுப்புன்னு நெனச்சேன், இது வெள்ளையாடா?" என்றார். வெள்ளை திரும்பி வந்தது சந்தோஷம்தான், ஆனால் அதோடு நீலமும் வந்தது. ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிறார். எழுந்தால் எதிரே உங்கள் விளக்கு. ஒரு நாள் மணி இரண்டேகாலுக்கு அடுப்படியில் பாத்திரச் சத்தம். போய்ப் பார்த்தால், விடிந்துவிட்டது என்று டீக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்.

விளக்கு ஒன்றே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நான் டாக்டர் இல்லை. மூடிய இமை நீலத்தைப் பெருமளவு தடுத்துவிடும். கண் திறந்திருக்கும் நேரம்தான் கணக்கு. வீட்டுக்குள் செல்போனும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். செல்போனை நான் கவிழ்த்து வைக்கலாம், கம்பத்தை எப்படிக் கவிழ்ப்பது? இப்போதைக்கு ஜன்னலில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறோம். அதனால் காலை வெயிலும் உள்ளே வருவதில்லை. கடிகாரத்துக்குத் தேவையான வெளிச்சம் போய்விட்டது, வேண்டாத வெளிச்சத்துக்காக.

கேட்பது பெரிய காரியம் இல்லை. வெள்ளை எல்இடி என்பது உள்ளே நீல எல்இடி, மேலே மஞ்சள் பூச்சு. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு கெல்வின்; பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் தூக்கலாக இருக்கும். 3000 அல்லது அதற்குக் கீழே என்றால் இளமஞ்சள். அமெரிக்க மருத்துவச் சங்கமும் 2016-இல் தெருவிளக்கு 3000-ஐத் தாண்டக் கூடாது என்றுதான் சொன்னது. அடுத்த முறை வாங்கும்போது அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அதுவரைக்கும் இந்தக் கம்பத்தின் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, மேட்டுப் பக்கம் ஒரு தகரத் தடுப்பு அடித்தால் போதும். ரோட்டுக்கு வெளிச்சம் குறையாது.

ஏணி இல்லை என்று போன வாரம் மின்பணியாளர் சொன்னார். பாலிஹவுஸ் ஏணி என்னிடம் இருக்கிறது, தருகிறேன். மத்தியானம் மட்டும் வேண்டாம், அம்மா அப்போதுதான் கண் அசருவார்.

இப்படிக்கு,
மேல்வீட்டுச் செவ்வந்திக்காரன்