உன் படத்தை உறைக்குள் வைத்திருக்கிறேன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

போனில் கதைத்தால் போதாதா, எதற்குக் கடிதம் என்று அப்பா கேட்கிறார். போனில் எதைக் கேட்டாலும் நீ "ம்" என்கிறாய். சாப்பிட்டாயா, ம். அங்கே மழையா, ம். பிராக்டிசுக்குப் போனாயா என்றால் அந்த "ம்"மும் இல்லை. நேற்று உன் அறைத்தோழியைக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்டேன். ஜேர்சியைக் கழுவி மடித்துக் கப்டனிடம் கொடுத்துவிட்டாயாம். அவளைக் கோபிக்காதே. சொல்லமாட்டேன் என்றுதான் கன நேரம் நின்றாள்.

உங்கள் பாஸ்கட்போல் ஃபைனல் வீடியோவை நான் பார்த்துவிட்டேன். ஒரு புள்ளி பின்னால், நாலு செக்கன் மிச்சம், உனக்கு யாரும் மறிக்காத இரண்டு எறிதல், இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது பாதி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வந்தது. அதை நீ ஆயிரம் தரம் பார்த்திருப்பாய், நான் திரும்ப விவரிக்கத் தேவையில்லை.

அதே வீடியோவை அமெரிக்காவில், ரிச்மண்டில் இருக்கும் உன் மாமாவுக்கும் அனுப்பினேன். மாமா இரண்டே வரி எழுதினார்: "அக்கா, அவளுக்கு வேர்ஜினியாக் கதையைச் சொல்லுங்கோ. வெற்றியை மட்டும் சொல்லாதேங்கோ, முழுக்கச் சொல்லுங்கோ."

மாமாவின் பாஸ்கட்போல் பைத்தியம் உனக்குத் தெரியும். அது அமெரிக்காவில் தொடங்கியது இல்லை, இங்கே தொடங்கியது. 1940களின் பிற்பகுதியில் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்த யேசு சபைக் குருமார்தான் நம் கிழக்கில் பெடியங்களின் கையில் அந்தப் பந்தைக் கொடுத்தவர்கள். மட்டக்களப்பில் வெபர் மைதானம் என்று ஒன்று இருக்கிறதே, அந்த வெபரும் அவர்களில் ஒருவர். லூசியானாவில் பிறந்த ஹேபர்ட் அடிகளார் இன்னொருவர். மட்டக்களப்புப் பெடியங்களுக்கு ஆட்டம் பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற் போனார். இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் குருமாரிடம் பழகிய ஒருவர்தான் மாமாவுக்குப் பழக்கினார். அப்புறம் மாமா நம் வீட்டுச் சுவரில் ரிங் அடித்து உனக்குப் பழக்கினார். நீ எட்டு வயதில் பந்தை இரண்டு கையாலும் அடியிலிருந்து தூக்கி எறிந்தது அந்த ரிங்குக்குத்தான்.

சரி, வேர்ஜினியாவுக்கு வருகிறேன். அங்கே கல்லூரி அணி என்றால் கெம்பஸ் அணி, நம் ஊரில் சொல்வதுபோலப் பள்ளிக்கூடம் இல்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் 68 கெம்பஸ் அணிகள் தேசியக் கோப்பைக்கு மோதும். ஒரு மட்ச் தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நாலு பிரிவு, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரம் போட்டிருப்பார்கள். முதல் தரத்து அணி 16ஆம் தரத்து அணியோடு ஆடுவது சும்மா ஒரு சடங்கு மாதிரி. 1985இலிருந்து 135 தடவை ஆடியிருந்தார்கள், 135 தடவையும் முதல் தரத்து அணிதான் வென்றது.

2018இல் வேர்ஜினியாப் பல்கலைக்கழகம் நாட்டிலேயே முதலாவது. அந்தப் பருவம் முழுக்க இரண்டே தோல்வி. எதிரில் வந்தது பால்டிமோர் பக்கத்து மேரிலண்ட் கெம்பஸ் ஒன்று, 16ஆம் தரம். பாதி ஆட்டத்தில் 21க்கு 21. முடிவில் 74க்கு 54, வேர்ஜினியா தோற்றது. இருபது புள்ளி! நாடே சிரித்தது. கொலை மிரட்டல் கூட வந்ததாம் பெடியங்களுக்கு. மாமா அன்றிரவு எனக்குப் போன் எடுத்து ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

இனி நீ கவனமாக வாசி. மட்ச் முடிந்ததும் கோச் டோனி பெனட் பத்திரிகையாளர் முன்னால் வந்து உட்கார்ந்தார். காயம், நடுவர், துரதிர்ஷ்டம் என்று ஒன்றும் சொல்லவில்லை. அவரது நல்ல ஆட்டக்காரன் டி'ஆண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்தான், அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். எங்களை எல்லா வகையிலும் மிஞ்சி ஆடினார்கள் என்றார். பக்கத்தில் இரண்டு பெடியங்கள், கைல் கய், டை ஜெரோம். இருபது வயதுப் பிள்ளைகள். அழுத கண்ணோடு கேள்விக்குப் பதில் சொன்னார்கள். எழும்பி ஓடவில்லை.

கைல் கய் பிறகு ஒரு வேலை செய்தான். தோற்ற இரவில் யாரோ எடுத்த படம், பின்னால் எதிரணி துள்ளிக் குதிக்க, முன்னால் இவன் குனிந்து நிற்கிறான். அதைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டான். போனை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதுதான் கண்ணில் படும். தனக்குப் பதற்றம் வந்து மூச்சு முட்டுகிறது, அதற்கு மருந்து எடுக்கிறேன் என்பதையும் மறைக்காமல் எழுதினான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உனக்கும் ராத்திரியில் நித்திரை இல்லை என்று உன் அறைத்தோழி சொன்னாள். அதை அம்மாவிடம் சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை, மகள். டொக்டரிடம் போகவேண்டுமென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன்.

அடுத்த வருஷம் அதே கோச், அனேகமாக அதே பெடியங்கள், அதே ஆட்டம். வேர்ஜினியா அப்போது மெதுவாக ஆடியது, காவல்தான் அவர்களின் பலம். பந்து வைத்திருப்பவனை ஒருவன் மறிப்பான், மற்ற நாலு பேரும் உள்ளே நெருங்கி நின்று வழியை அடைப்பார்கள். அதைக் கண்டுபிடித்தவர் பெனட்டின் தகப்பன் டிக் பெனட், அவரும் கோச். இந்த ஆட்டம் பெரிய போட்டிக்குச் சரிவராது என்று 2018க்குப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். பெனட் மாற்றவில்லை.

மார்ச் 2019. முதல் மட்ச், எதிரில் திரும்பவும் ஒரு 16ஆம் தரம், கார்ட்னர் வெப். முதல் பாதியிலேயே 14 புள்ளி பின்னால் போய்விட்டார்கள்! அந்த நேரம் அந்தப் பிள்ளைகளின் வயிறு எப்படி இருந்திருக்கும்? ஆனால் 71க்கு 56 என்று வென்றார்கள்.

அப்புறம் பர்டியூ அணியோடு மட்ச். இதை நான் எத்தனை தரம் பார்த்தேன் என்று அப்பாவிடம் கேள். மூன்று புள்ளி பின்னால், 5.9 செக்கன் மிச்சம், டை ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது. இரண்டாவது விழவில்லை. ஆம் மகள், அவனும்தான் தவறவிட்டான். ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தை மமாடி டியாகிட்டே என்ற உயரமான பெடியன் எட்டித் தட்ட, அது பின்னால், நடுக்கோட்டையும் தாண்டிப் போய்விட்டது. கிஹே கிளார்க் என்று ஒருவன், ஐந்தடி ஒன்பது அங்குலம், முதலாம் வருஷம். அவன் பந்தின் பின்னால் ஓடினான். எல்லாரும் முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் தங்கள் ரிங்கை நோக்கித் திரும்பி ஓடுகிறான். பிடித்தான், முன்னால் பார்த்தான், நீளமாக ஒரு பாஸ். டியாகிட்டே வாங்கி அதே மூச்சில் எறிந்தான். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்தது. உள்ளே! 70க்கு 70. மேலதிக நேரத்தில் 80க்கு 75 என்று வென்றார்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் வீடியோவை அதற்குப் பிறகு நான் திரும்பப் பார்த்தேன். உன் இரண்டாவது பந்து வெளியே வந்ததும் நீ இரண்டு கையையும் முழங்காலில் வைத்துத் தலையைக் குனிந்துவிட்டாய். உங்கள் அணியின் அந்தக் கட்டைப் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, தன்னைவிட ஒரு முழம் உயரமான இரண்டு பேருக்கு நடுவில் பாய்ந்தாள். பந்து அவள் விரலில் பட்டது. உன் பக்கம்தான் உருண்டு வந்தது. நீ பார்க்கவில்லை. கடைசி விசிலுக்கு இன்னும் இரண்டு செக்கன் இருந்தது. நான் நிறுத்தி நிறுத்தி எண்ணினேன்.

இரண்டு ஃப்ரீ த்ரோவுக்காக நான் உன்னை ஒரு சொல் சொல்லமாட்டேன், யாரையும் சொல்லவும் விடமாட்டேன். அந்த இரண்டு செக்கன்தான் எனக்கு மனதில் உறுத்துகிறது. ஜேர்சியைத் திருப்பிக் கொடுத்ததும் அதே இரண்டு செக்கன்தான், மகள். பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது, நீ குனிந்து நிற்கிறாய்.

நான் இப்படிக் கடுமையாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உனக்கு இதை நான் சொன்னதே இல்லை. நான் வலைப்பந்து ஆடியது தெரியும், கோல் ஷூட்டர் என்பதும் தெரியும். ரிங்கின் உயரம் எங்களுக்கும் அதே பத்தடிதான். ஆனால் வளையம் உங்களதைவிடச் சின்னது, பின்னால் பலகையும் இல்லை, மூன்று செக்கனுக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கவும் கூடாது. 1985இல் எனக்குப் பதினாறு வயது. ஒரு மட்சில் கடைசி எறிதலை நான் தவறவிட்டேன், ஒரு கோலால் தோற்றோம். விசில் ஊதியதும் யாருக்கும் கை கொடுக்காமல் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். டீச்சர் பின்னாலேயே கூப்பிட்டா. திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த தவணையில் பார்த்துக்கொள்வோம் என்று அம்மம்மா சொன்னா. அந்த வருஷம் ஊர் குழம்பியது. பள்ளிக்கூடம் மூடியது. இரவோடு இரவாக வெளிக்கிட்டோம். திரும்பி வந்தபோது எங்கள் அணியில் நாலு பேர் ஊரிலேயே இல்லை, இரண்டு பேர் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. நான் கை கொடுக்காமல் வந்த பிள்ளைகள். எனக்கு அடுத்த மட்ச் வரவே இல்லை. உனக்கு வரும், ஃபெப்ரவரியில் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள், நான் பார்த்தேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அரையிறுதியில் ஓபர்ன் அணி இரண்டு புள்ளி முன்னால், 0.6 செக்கன் மிச்சம், கைல் கய் மூன்று புள்ளி எறியப் போகும்போது இடித்துவிட்டார்கள். மூன்று ஃப்ரீ த்ரோ. அதற்குக் கொஞ்சம் முன்னால் வேர்ஜினியாப் பெடியன் செய்த ஒரு பிழையை நடுவர்கள் கவனிக்கவில்லை, அதையும் சொல்வதுதான் நியாயம். எழுபதாயிரம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள். பெடியன் ஜேர்சியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். பிறகு போய் நின்றான். ஒன்று. இரண்டு. எதிரணி அவனைக் குழப்பவென்று இடைவேளை கேட்டது. திரும்பி வந்து மூன்று. 63க்கு 62.

இறுதி மட்ச் டெக்சஸ் டெக் அணியோடு, 2019 ஏப்ரல் 8 இரவு. நமக்கு 9ஆம் தேதி காலை ஏழு மணிக்குக் கிட்ட. நீ டியூஷனுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாய், நான் பிட்டு அவித்துக்கொண்டே மாமாவின் வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தேன். 12.9 செக்கன் இருக்கும்போது மூன்று புள்ளி எறிந்து ஆட்டத்தைச் சமப்படுத்தியது யார் தெரியுமா? மணிக்கட்டு முறிந்து முந்தின வருஷம் வெளியே இருந்த அதே ஹண்டர். அன்று அவன் மட்டும் 27 புள்ளி. மேலதிக நேரத்தில் பன்னிரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, பன்னிரண்டும் உள்ளே. 85க்கு 77. வேர்ஜினியாவுக்கு அதுதான் முதல் கோப்பை. மாமா போனில் அழுதார், நான் இங்கே பிட்டுக் குழலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்ன அம்மா என்று நீ கேட்டாய். ஒன்றுமில்லை, புகை என்றேன். அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

இந்த உறைக்குள் ஒரு படம் இருக்கிறது. ஃபைனல் முடிந்ததும் உன் கெம்பஸ் பிள்ளை ஒன்று எடுத்து எனக்கு அனுப்பியது. நீ துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு வாங்கில் இருக்கிறாய், அந்த மட்டக்களப்புப் பிள்ளை உன் தோளில் கை வைத்திருக்கிறாள். கடற்கரை வீதி ஸ்டூடியோவில் கழுவுவித்தேன். கிழிக்காதே. உன் மேசையில் ஒட்டிவை.

கப்டனிடம் போய் ஜேர்சியைக் கேள். தரமாட்டேன் என்றால் ஜேர்சி இல்லாமலே பிராக்டிசுக்குப் போ. அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கதை.

வீட்டு ரிங்கின் வலை இத்துப்போயிருந்தது. உப்புவெளியில் மீன் பிடிக்கிற அண்ணர் பழைய வலையில் புதிதாக ஒன்று முடிந்து தந்திருக்கிறார். நல்ல இறுக்கம், பந்து விழுந்தால் ஒரு கணம் நின்று இறங்குகிறது. அப்பா எறிந்து பார்த்துவிட்டார். லீவு விட்டதும் இரவு ரெயிலில் ஏறு. எந்த நாள் என்று சொன்னால் போதும், அப்பா ஸ்டேஷனில் நிற்பார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா