மன்றத்துக் கதவை மத்தியானத்திலும் திறந்து வையுங்கள்

நெல்லைச் சீமைக் கல்லூரிகளில் கோடிங் கிளப், ரோபோட்டிக்ஸ் கிளப், எலெக்ட்ரானிக்ஸ் மன்றம் என்று நடத்திவரும் தம்பி தங்கைகளுக்கும், அவற்றுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

முதலாண்டுப் பிள்ளைகள் வந்ததும் நோட்டீஸ் போர்டில் உங்கள் சேர்க்கை அறிவிப்பை ஒட்டுவீர்கள். அதை நின்று வாசித்துவிட்டு, சேராமலே போகிற பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மடல். நாலு வருஷமும் அப்படிப் போனவள் நான்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அப்பாவுக்கு வயல் வேலை, அம்மா பீடி சுற்றுவாள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்கு வந்தேன். 2017-ல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, சேர்த்து வைத்த காசில் ஒரு நோட்எம்சியு போர்டு வாங்கினேன். நாம் எழுதுகிற நிரலை கம்ப்யூட்டரிலிருந்து ஏற்றி ஓட்டுகிற, வைஃபை உள்ளேயே இருக்கிற சின்ன சர்க்யூட் போர்டு. போன் சார்ஜர் வயரையே அதில் சொருகலாம் என்றார்கள். சொருகினேன். போர்டில் நீல விளக்கு ஒரு தடவை மின்னியது. கம்ப்யூட்டரிலோ அது இணைந்ததாகவே காட்டவில்லை. போர்டைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டுகிற டிரைவர் மென்பொருளை அழித்து அழித்துத் திரும்பப் போட்டேன். வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தேன். ஒன்பது நாள் ஓடிப்போயிற்று. போர்டு கெட்டுப்போச்சு, காசும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

பத்தாம் நாள் மத்தியானம், லேப் வாசலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்த ஓர் இறுதியாண்டு அக்கா என் கையிலிருந்ததைப் பார்த்தாள். வயரை வாங்கி விரலால் உருட்டினாள். “ஏட்டி, இது சார்ஜ் மட்டும் ஏத்துத வயரு. உள்ள ரெண்டு கம்பிதான் இருக்கும். டேட்டா போவணும்னா நாலு கம்பி வேணும்” என்றாள். பையிலிருந்து வேறொரு வயரை எடுத்துச் சொருகினாள். கம்ப்யூட்டரில் போர்டு காட்டிவிட்டது. அவள் சாப்பாட்டில் கைகூட வைக்கவில்லை, அதற்குள் என் ஒன்பது நாள் கஷ்டம் தீர்ந்தது.

அந்த அக்கா கல்லூரி மன்றத்தில் இருந்தவள். மன்றம் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. போட்டி, சான்றிதழ், மேடை எல்லாம் இருக்கட்டும். இந்த வயர் சங்கதி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆள்தான் சொல்ல முடியும்.

மறுநாளே சேரப் போனேன். இன்டர்வியூ இருந்தது. எதற்காகச் சேர விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். என்னிடம் பதில் இருந்தது, மேலே நான் எழுதியிருப்பதுதான் அந்தப் பதில். தமிழில் என்றால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி தட்டுத்தடுமாறிவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த தடவை இன்டர்வியூ இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். ஆனால் கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. எனக்கு ஐந்தேகாலுக்குப் பஸ். அதை விட்டால் வீடு சேர எட்டாகும். “இருட்டுமுன்ன வந்துரு தாயி” என்று அனுப்பிய அம்மாவிடம் கிளப் என்றால் என்னவென்று விளங்கவைக்க எனக்குத் தெரியவில்லை.

2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. சேரன்மகாதேவியிலிருந்தும் ஆலங்குளத்திலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். காசு மிச்சம்தான், ஆனால் பஸ் நேரம் மாறவில்லையே. ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் விடுதிப் பிள்ளைகளும் பைக் வைத்திருக்கிற பையன்களும் மட்டுமே வருவார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் கதவைத் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். முக்கால் மணி நேரம் போதும். அந்த அக்காவுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை.

எல்லாரையும் சேர்த்தால் தரம் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். 1975 மார்ச்சில் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் தொடங்கியது. கம்ப்யூட்டர் செய்ய ஆசையுள்ளவர்கள் வாருங்கள் என்று நோட்டீஸ் ஒட்டிக் கூப்பிட்டார்கள். பிற்பாடு ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக்கும் அந்த முதல் கூட்டத்துக்கு வந்திருந்தார். தான் வடிவமைத்த ஆப்பிள்-1 கம்ப்யூட்டரின் சர்க்யூட் படத்தை அவர் அந்தக் கிளப்பில்தான் இலவசமாகக் கொடுத்தார். தரம் பார்க்க வேண்டிய இடம் போட்டிக்கு அணி தேர்ந்தெடுக்கிற இடம். அங்கே பாருங்கள். கதவிலேயே நின்று பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இது எனக்கு மனசு வலித்த விஷயம். ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் என்ற தேசிய அளவிலான மாணவர் போட்டியில் ஆறு பேர் கொண்ட அணியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி. நல்ல விதி. ஆனால் கடைசித் தேதிக்கு முந்தின நாள் வகுப்புக்குள் வந்து “ஒரு கேர்ள் வேணும், பேர் மட்டும் குடுத்தா போதும்” என்று கேட்டார்கள். சிம்போசியம் என்கிற துறை விழா வந்தால் எங்களுக்கு வரவேற்பு மேஜை, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. ஈயத்தை உருக்கி வயரை ஒட்டுகிற சால்டரிங் அயர்னை எங்கள் கையில் யாரும் கொடுக்கவில்லை. தங்கைகளே, பேர் மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள். எனக்கு என்ன வேலை என்று கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொருள் தொலைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால்தான் பீரோவைப் பூட்டுகிறீர்கள். அது எனக்குத் தெரியும். விலை கூடிய கருவிகள் உள்ளேயே இருக்கட்டும். வயர், எல்இடி, ரெசிஸ்டர், ஒட்டாமலே சொருகிப் பார்க்கிற பிரெட்போர்டு, ஒன்றிரண்டு மலிவான போர்டுகள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு, தொலைந்தாலும் பரவாயில்லை என்று வெளியே வையுங்கள். சொந்தமாக லேப்டாப் இருந்தால்தான் சேரலாம் என்ற வரியையும் அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அறிவிப்பைத் தமிழிலும் எழுதுங்கள். நிரல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அது என்ன செய்கிறது என்பதைத் தமிழில் பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், என்ன செய்வது என்ற கேள்வி. வருஷா வருஷம் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ வண்டிதான் செய்கிறோம். பழகுவதற்குச் சரி. 2023 டிசம்பரில் ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் தண்ணீர் நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். ஒலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கிற சென்சார் உங்கள் லேபிலேயே கிடக்கும். சுமார் நாலு மீட்டர் வரை அளக்கும். தாமிரபரணிப் பாலத்தில் மாட்டித் தண்ணீர் மட்டம் அளக்க அது பற்றாது. பாளையங்கால்வாய்க்கும் கோடகன் கால்வாய்க்கும் போதும். ஒரு மதகில் அனுமதி வாங்கி மாட்டி, மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வந்தால், கால்வாய்க் கரையில் வீடு இருக்கிற பிள்ளை அந்த எண்களை உங்களைவிட நன்றாகப் படிப்பாள். தண்ணீர் எந்தப் படியைத் தொட்டால் தெருவுக்குள் வரும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளும் அவள்தான்.

எனக்கு இப்போது திருநெல்வேலியிலேயே வேலை. சனிக்கிழமை மத்தியானம் ஓய்வாகத்தான் இருப்பேன். எந்த மன்றம் கூப்பிட்டாலும் வந்து உட்காருகிறேன். உரை ஆற்ற வேண்டாம், ஒரு ஸ்டூல் போதும். வரும்போது டேட்டா போகிற வயர் பத்து கொண்டுவருவேன். அடையாளத்துக்குச் சிவப்பு டேப் சுற்றியிருப்பேன். சார்ஜர் வயரோடு கலந்துவிடாமல் பெட்டியில் தனியாகப் போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
முக்கூடல் பஸ்ஸில் வந்துபோன ஒரு முன்னாள் மாணவி