நித்யாவின் மணிக்கணக்கு

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு வழக்கமான சாக்குகளை நீயே நிரப்பிக்கொள். இங்கே எல்லோரும் நலம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. நாயர் கடைப் பாக்கியை நான் தீர்க்கவில்லை என்று நீ இன்னமும் சாதிப்பதைப் பற்றி நேரில்தான் பேச வேண்டும்.

விஷயம் நித்யாவைப் பற்றியது. உயிரியலில் பட்டம் வாங்கியவள், மருத்துவருக்குத் துணையாக நின்று சிகிச்சை தரும் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்குத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு, இப்போது இங்கே நியூ ஜெர்சியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸ் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, எழ முடியாதவர்களுக்கு பெட்பேன் வைப்பது ஆகியவைதாம் அவளுடைய வேலை. மீனாட்சிக்கு மனசே ஆறவில்லை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் யாராவது "பெண் என்ன செய்கிறாள்?" என்று விசாரித்தால், "ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்று சுருக்கமாக முடித்துக்கொள்கிறாள், கேட்டவர் பதறிப்போய், என்ன உடம்புக்கு என்று கேட்கிறார்.

"இதற்கா இத்தனை செலவு செய்து படிக்க வைத்தாய்?" என்று நீயும் கேட்பாய் என்பது தெரியும். கொஞ்சம் பொறுத்து மேலே படி. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற தொழில் பிறந்ததே அனுபவசாலிகளை நம்பித்தான். 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர் முதல் வகுப்பைத் தொடங்கியபோது சேர்த்துக்கொண்ட நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாளர்களாக வேலை பார்த்துத் திரும்பியவர்கள். நோயாளியைக் கண்டு கூசாத கைகளுக்கு மருத்துவத்தைக் கற்றுக்கொடுத்தால் போதும், மருத்துவர் பற்றாக்குறையை ஓரளவு சமாளிக்கலாம் என்பது அவருடைய கணக்கு. இன்று படிப்பு பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 27 மாதங்கள்தான். முடித்தால் நோயாளியைப் பரிசோதிக்கலாம், நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம், அறுவை அரங்கில் உடன் நிற்கலாம். அவ்வளவு குறுகிய காலத்தில் அத்தனையையும் கற்பிக்க வேண்டியிருப்பதால், நோயாளியைத் தொட்டுப் பழகியவர்களையே கல்லூரிகள் தேடுகின்றன.

சேருவதற்கு முன்பே நோயாளிகளோடு இத்தனை மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்; அதற்குத்தான் நித்யாவின் இந்த வேலை. இந்த மணிக்கணக்கில் நான் இப்போது பண்டிதனாகிவிட்டேன், நீ சிரிக்காதே. சில கல்லூரிகள் 500 மணி நேரம் போதும் என்கின்றன, பல 1,000 கேட்கின்றன, சில 2,000 வரை போகின்றன. வாரம் 40 மணி வீதம் ஓராண்டு முழுக்க உழைத்தால் 2,080. அதிலும் எல்லா மணியும் ஒரே விலைக்குப் போகாது. நோயாளியின் பராமரிப்புக்கு நேரடியாகப் பொறுப்பேற்ற நேரம் ஒரு கணக்கு; ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த நேரம் வேறு கணக்கு; ஒருவரின் பின்னால் நின்று அவர் வேலையை வேடிக்கை பார்த்த நேரம் மூன்றாவது கணக்கு. மருத்துவர் சொல்லச்சொல்லக் குறிப்பைத் தட்டச்சு செய்யும் வேலையைச் சில கல்லூரிகள் முதல் கணக்கில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. நம் வார்டன் வருகைப் பதிவேட்டில் காட்டிய கறாரை நினைத்துக்கொள்.

வேலைக்கு முன்னால் பயிற்சி உண்டு. நடுவண் சட்டப்படி குறைந்தது 75 மணி நேரம், பிறகு தேர்வு. அந்த நாட்களில் பயிற்சிக்கு அகப்பட்ட நோயாளி நான்தான். இடுப்பில் அகலமான துணிப்பட்டையைக் கட்டி, உள்ளே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்து, தன் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, "மூன்று சொன்னதும் எழுந்திருங்கள்" என்று என்னைச் சோபாவிலிருந்து கிளப்புவாள். என் எடை உனக்குத் தெரியும். ஆனால் ஒரு சிரமமும் இல்லாமல் எழுந்து நின்றேன்.

போன வாரம் அவள் சொன்ன ஒன்று மனத்தில் நிற்கிறது. பக்கவாதம் வந்த ஒரு மூதாட்டி ஊட்டிய கவளத்தை விழுங்காமல், உணர்ச்சியற்ற பக்கத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். தட்டு காலியானதால் நன்றாகச் சாப்பிட்டார் என்றே எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்கள். வாயைத் துடைக்கும்போது நித்யா அதைக் கவனித்து நர்ஸிடம் சொன்னாள். அந்த உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருந்தால் நிமோனியாவில் முடிந்திருக்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைத்தால் முதுகுப்புண்ணைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்றும் அவள்தான் சொன்னாள். என் அம்மா கடைசி நாட்களில் பட்ட பாடு உனக்குத் தெரியும், சண்முகம். அன்று அதை வயோதிகத்தின் விதி என்று நம்பினோம். நமக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. நித்யாவுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவர் ஹெய்தி நாட்டிலிருந்து வந்த பெண்மணி. அந்த இல்லத்தில் பலருக்கும் வாழ்நாள் தொழிலே இதுதான். வந்து கற்றுக்கொண்டு, மணி நிறைந்ததும் மேலே ஏறிப் போய்விடும் பிள்ளைகளுக்கு அவர் சலிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து சொல்லித்தருகிறார். நோயாளியும் அவரும் இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் மணியாகிவிடக் கூடாதே என்றேன். "அப்பா, மணியைக் கணக்குப் பார்க்கிறது நீங்கள்தான்" என்று நித்யா மடக்கிவிட்டாள்.

டாலஸில் இருக்கும் உன் தங்கை மகளும் இதே படிப்பைப் பற்றி யோசிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். முதலில் சேர நினைக்கும் கல்லூரிகளின் நிபந்தனைகளை வரிவரியாகப் படிக்கச் சொல். பிறகு வேலை தேடட்டும். இரத்தம் எடுக்கும் வேலை, ஆம்புலன்ஸ் வேலை என்று வேறு வழிகளும் உண்டு. செய்த மணிகளை அன்றன்றே எழுதிவைத்து, சான்றளிக்கக்கூடிய மேலாளரின் பெயரையும் குறித்துக்கொள்ளட்டும். மீனாட்சியோடு உன் தங்கையைப் பேசவிடாதே. இருவரும் சேர்ந்தால் ஒப்பாரிதான்.

உன் முழங்கால் அறுவையைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாயே! நித்யா கண்டிப்பாக எழுதச் சொன்னது: படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். ஆகையால் சாரதாவுக்கும் தனியே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ராமு